‘தப்புதான் சார், ஆனா...’: 13 வயசுப் பிள்ளைகளோட நியாயம் எந்த இடத்துல வழுக்குது?

எட்டாவது_பி (இழையைத் தொடங்கியவர்)

எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் நான். பதினொரு வருஷமா இதே வேலை. போன மாசம் நடந்த ஒண்ணு இன்னும் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு, அதான் இங்க வந்து கொட்டுறேன்.

சுற்றுலாவுக்குன்னு வகுப்புல பணம் சேர்த்தோம். கணக்கும் காசும் ஒரு பொண்ணு பொறுப்பு. ஜிப் வெச்ச சின்னப் பையில போட்டு, புத்தகப் பைக்குள்ள வெச்சிருந்தா. மதிய இடைவேளைக்கு அப்புறம் பார்த்தா பை மட்டும் காணோம். மூணாவது நாள் கழிப்பறைத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி காலிப் பை கிடைச்சுது. அன்னிக்குச் சாயங்காலமே எடுத்தவன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. கெட்ட பேர் இல்லாத பையன். பாதிப் பணம் செலவாகியிருந்துச்சு. ஒரு ஹெட்ஃபோன் தனக்கு, இன்னொண்ணு நண்பனுக்கு.

தனியா உட்கார வெச்சு, “ஏன் செஞ்சே? இது தப்புன்னு உனக்குத் தெரியாதா?”ன்னு கேட்டேன்.

“தெரியும் சார். தப்புதான். ஆனா அவ பையைத் திறந்தே போட்டுட்டுப் போயிட்டா. நான் எடுக்கலைன்னா வேற யாராவது எடுத்திருப்பாங்க.”

என்னை உறுத்துறது இதுக்கு முந்தின கதை. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் நேர்மையைப் பத்திக் கட்டுரை எழுதச் சொன்னேன். வகுப்புலயே நல்ல கட்டுரை அவனோடது. சிவப்பு மையில ‘மிக நன்று’ன்னு நானே போட்டிருக்கேன். சம்பவத்துக்கு அப்புறம் அதை மறுபடி எடுத்துப் படிச்சேன். குறை சொல்ல ஒரு வரி இல்லை. வேஷம் போட்டு எழுதின மாதிரியும் தெரியலை.

சரி எது, தப்பு எதுன்னு தெரியாம செய்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிஞ்சே செய்றவனுக்கு நான் என்ன பாடம் எடுக்கறது?

---

சுவரொட்டி

சிவப்பு விளக்குல நிக்காமப் போற பெரியவங்களைப் பிடிச்சுக் கேட்டுப் பாருங்க சார். ‘தப்புதான், ஆனா அவசரம்’னுதான் சொல்லுவாங்க. பையன் நம்மகிட்டதான் கத்துக்கிட்டிருக்கான்.

---

பழையபிரம்பு

முப்பத்திரண்டு ஆண்டு ஆசிரியர், கடைசி ஆறாண்டு தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்றுவிட்டேன். என் பட்டறிவைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ‘ஏன் செய்தாய்’ என்று கேட்டதுதான் நீங்கள் செய்த முதல் தவறு. ஏன் என்று கேட்டால் பிள்ளை காரணம் தேடும், காரணம் தேடினால் கிடைத்துவிடும். ‘செய்தாயா, இல்லையா’ என்று கேட்டு, செய்ததற்கு உரிய தண்டனையைக் கொடுத்திருந்தால் இந்த ‘ஆனா’ பிறந்தே இருக்காது. பயம் இல்லாத இடத்தில் பக்தி இல்லை.

---

ஆய்வுமேசை

உளவியல் ஆய்வு மாணவி நான். ஆசிரியர் கேட்டது புதுக் கேள்வி இல்லை, நூறு வருஷமா துரத்திக்கிட்டு இருக்காங்க. 1928-லிருந்து 1930 வரைக்கும் ஹார்ட்ஷோர்ன், மே என்கிற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை வெச்சுப் பார்த்தாங்க. விடைத்தாளை நீங்களே திருத்திக்கோங்கன்னு கையில கொடுப்பாங்க. யாரும் பார்க்கலைன்னு பிள்ளை நினைக்கும், ஆனா மாத்தி எழுதினதைக் கண்டுபிடிக்க வழி வெச்சிருப்பாங்க. காசு எடுக்க வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாங்க. வீட்ல செய்ற வேலை, விளையாட்டுன்னு பல இடத்துல பார்த்தாங்க. ஓரிடத்துல ஏமாத்தின பிள்ளை இன்னோரிடத்துல சுத்தமா நடந்துக்கிச்சு. நேர்மையைப் பத்தி எவ்வளவு அழகாப் பேசுதுங்கிறதை வெச்சு எவ்வளவு நேர்மையா நடக்கும்னு சொல்லவே முடியலை. உங்க சிவப்பு மை கட்டுரை அந்த ஆய்வுலயே இருந்திருக்கலாம்.

அப்புறம் கோல்பெர்க், அமெரிக்க உளவியலாளர். 1958-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல முனைவர் பட்ட ஆய்வு, 10, 13, 16 வயசுல 72 பையன்கள். ஒரு கதை சொல்லுவார். ஒருத்தரோட மனைவி சாகக் கிடக்கிறா. மருந்தைக் கண்டுபிடிச்சவர் அடக்க விலையைப் போலப் பத்து மடங்கு கேக்கறார். புருஷனால பாதிதான் புரட்ட முடிஞ்சுது. திருடலாமா, கூடாதா? திருடலாம்னு சொன்னாலும் சரி, கூடாதுன்னு சொன்னாலும் சரி, அதுக்கு மதிப்பெண் கிடையாது. ஏன்னு சொல்ற காரணத்துக்குத்தான். ‘மாட்டினா உதை விழும்’ முதல் படி. ‘எனக்கு என்ன கிடைக்கும், நீ எனக்கு, நான் உனக்கு’ ரெண்டாவது. ‘நாலு பேர் நல்லவன்னு சொல்லணும், மத்தவங்க மனசு நோகக் கூடாது’ மூணாவது. ‘எல்லாரும் இப்படிப் பண்ணா ஊர் என்ன ஆகும்’ நாலாவது. மேல இன்னும் ரெண்டு இருக்கு, எட்டாம் வகுப்புக்கு அது வேண்டாம்.

13 வயசுங்கிறது ரெண்டுலிருந்து மூணுக்குக் கால் வைக்கிற நேரம். 2006-ல 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்துச்சு. சட்டத்தோட சிக்கின சிறார்கள், சிக்காத சிறார்களைவிடக் கீழ்ப் படியில நின்னு நியாயம் பேசுறாங்கன்னு முடிவு. வித்தியாசம் சின்னதும் இல்லை. அதனால நியாயம் பேசுற திறனுக்கும் நடத்தைக்கும் தொடர்பே இல்லைன்னு கைகழுவ முடியாது.

பிரம்பு ஐயா, மன்னிக்கணும். ‘பயம் இல்லாத இடத்தில்’னு நீங்க சொன்னது அப்படியே முதல் படி.

---

சந்தேகப்பிராணி

ஒரு நிமிஷம். சிக்கினவங்களை எங்க வெச்சுக் கேள்வி கேட்டாங்க? பெரும்பாலும் சிறார் இல்லத்துக்குள்ள. அங்க வாழ்க்கையே ‘நீ எனக்கு, நான் உனக்கு’தான். மெத்தை வேணும்னா ஒரு பேரம், அடி வாங்காம இருக்க ஒரு பேரம். அங்க ஒருத்தன் ரெண்டாம் படியில பேசினா அது அவன் மனசா, அந்த இடமா? கீழ்ப் படியில நின்னதாலதான் குற்றம் செஞ்சானா, குற்றம் செஞ்சு உள்ள போனதால கீழ இறங்கினானா?

இன்னொண்ணு. இந்தப் பையன் கட்டுரையில மூணாம் படி, தொட்டிக்குப் பின்னாடி ரெண்டாம் படி. ஒரே ஆள், ஒரே மாசம். அப்போ ‘படி’ன்னு ஒண்ணு அவனுக்குள்ள இருக்கா, இல்லை கேக்கறவங்களுக்குத் தகுந்த மாதிரி ஏறி இறங்குதா?

---

ஆய்வுமேசை

ரெண்டுமே நியாயமான அடி. முதல் கேள்விக்கு: மறுபடி குற்றம் செய்வாங்களான்னு பார்த்த இன்னொரு தொகுப்பாய்வு 2011-ல வந்துச்சு. அங்க தொடர்பு இருக்கு, ஆனா மெலிசு. ரெண்டாவதுக்கு என்கிட்ட முழு பதில் இல்லை. கற்பனைக் கதைக்குக் காரணம் சொல்றதும் சொந்தத் தப்புக்குக் காரணம் சொல்றதும் ஒரே தசை இல்லைன்னு மட்டும் தோணுது.

---

மாலைஷிப்ட்

சிறார் இல்லத்துல ஆலோசகரா ஒன்பது வருஷம். சந்தேகப்பிராணி, நீங்க மெத்தையைப் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு.

‘தப்புன்னு தெரியாது’ன்னு சொன்ன பிள்ளையை நான் ரெண்டு, மூணு தடவைதான் பார்த்திருக்கேன். மத்த எல்லாரும் ‘தெரியும், ஆனா’தான். பைக் எடுத்த ஒரு பையன், 14 வயசு. “திருடலை, ஓட்டிப் பார்த்தேன்”னான். பைக்கை எங்க விட்டேன்னு கேட்டா, ஏரிக்குள்ளன்னான். “ஓட்டிப் பார்த்தா ஏரிக்குள்ளயா விடுவாங்க?” “அவருக்கு இன்ஷூரன்ஸ் வரும்ல?” முகத்துல நடிப்பே இல்லை. எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொல்றான்.

1957-லயே சைக்ஸ், மாட்சாங்கிற ரெண்டு சமூகவியலாளர்கள் இதை அஞ்சு வகையாப் பிரிச்சு எழுதிட்டாங்க. நான் காரணம் இல்லை. யாருக்கும் நஷ்டம் இல்லை. அவனுக்கு இது வேணும். கேக்கறவன் மட்டும் யோக்கியனா? என் கூட்டாளிக்காகச் செஞ்சேன். அவங்க சொன்னதுல முக்கியமானது இது: இந்தப் பிள்ளைங்க ஊர் நியாயத்தைத் தூக்கி எறிஞ்சவங்க இல்லை. அதை நம்புறதாலதான் சாக்கு தேவைப்படுது. நம்பாதவன் எதுக்குய்யா சாக்கு தேடணும்?

உங்க பையன் ஒரே மூச்சுல ரெண்டு வகையைச் சொல்லியிருக்கான். பை திறந்திருந்தது, வேற யாராவது எடுத்திருப்பாங்க. நண்பனுக்கு வாங்கின ஹெட்ஃபோனைப் பத்திக் கேட்டிருந்தா மூணாவதும் வந்திருக்கும்.

பின்னாடி கிப்ஸ்னு ஒருத்தர் இதை வேற மாதிரி அடுக்கினார். நியாயம் பேசுறதுல பின்தங்கல், தனக்குச் சாதகமா வளைச்சு யோசிக்கிறது, நாலு பேர்கிட்ட நயமாப் பேசி விலகத் தெரியாமை. இந்த மூணும் சேர்ந்துதான் வரும்னார். நான் தினமும் பார்க்கிறது நடுவுல உள்ளது. நடைபாதையில ஒருத்தன் தோள் இடிச்சா, ‘வேணும்னே இடிச்சான்’னு உடனே தீர்ப்பு. டாட்ஜ்ங்கிற உளவியலாளர் 1980-ல இதைச் சோதிச்சே காட்டினார். முரட்டுத்தனம் உள்ள பையன்கள், ஒரு செயல் வேணும்னு செஞ்சதா தவறி நடந்ததான்னு தெளிவில்லாத இடத்துல ‘வேணும்னே’ங்கிற பக்கம் சாய்ஞ்சாங்க. தன் தப்புக்குச் சூழ்நிலை காரணம், அடுத்தவன் தப்புக்கு அவன் புத்தி காரணம். தராசு ஒண்ணுதான், தட்டு மட்டும் மாறுது.

---

எட்டாவது_பி

மாலைஷிப்ட், உங்க பதிவைப் படிச்சதும் ஒரு நோட்டை எடுத்து ஞாபகத்துல இருக்கிற ‘ஆனா’க்களை எல்லாம் எழுதிப் பார்த்தேன். ‘அடிச்சேன் சார், ஆனா மெதுவாத்தான்.’ ‘காப்பி அடிச்சேன், ஆனா ஒரு கேள்விதான்.’ ‘பட்டப்பேர் வெச்சேன், ஆனா அவனே சிரிச்சான்.’ ‘போட்டோவை அனுப்பினேன், ஆனா ஒரே ஒரு குரூப்ல.’ நாற்பது நிமிஷத்துல ரெண்டு பக்கம் நிறைஞ்சுது. ‘அவனே சிரிச்சான்’ங்கிறதை மட்டும் வேற வேற வருஷத்துல, வேற வேற பிள்ளைங்ககிட்ட ஏழு தடவை கேட்டிருக்கேன்.

ஒண்ணு தோணுது, சரியான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஆறாவது படிக்கிற குட்டிகள் இவ்வளவு நல்லா சாக்குச் சொல்றதில்லை. அழுவாங்க, இல்லை ‘நான் இல்லை’ம்பாங்க. எட்டாவதுல வந்ததும் வக்கீல் ஆயிடுறாங்க.

---

சந்தேகப்பிராணி

அது பியாஜே, குழந்தைங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு பார்த்த சுவிஸ் உளவியலாளர். 1932-ல வந்த புத்தகம். ஒரு பையன் தெரியாம கதவைத் தள்ளி 15 கோப்பையை உடைச்சான், இன்னொருத்தன் ஜாம் திருடப் போய் ஒரே கோப்பையை உடைச்சான், யார் குறும்புக்காரன்? சின்னக் குழந்தைங்க 15-ங்கும், உடைஞ்சதை எண்ணும். கொஞ்சம் வளர்ந்ததும் உள்நோக்கம் என்னன்னு பார்க்க ஆரம்பிக்கும். பெரிய முன்னேற்றம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. உள்நோக்கம் முக்கியம்னு தெரிஞ்ச அன்னிக்கே ‘நான் வேணும்னு செய்யலை’ங்கிற ஆயுதமும் கைக்கு வந்துடுது. நியாயம் பேசக் கத்துக்கிட்டவன்தான் சாக்கும் சொல்ல முடியும். உங்க ஆறாவது குட்டிகிட்ட அந்தக் கருவியே இன்னும் இல்லை.

பியாஜே இப்படிச் சொன்னார்னு சொல்லலை. இது என் சொந்தச் சரக்கு.

---

ஆய்வுமேசை

இந்தச் சரக்கை நான் திருடிக்கலாமா? (‘ஓட்டிப் பார்த்துட்டுத்’ தந்துடுறேன்.)

---

நிலாமுற்றம்

எல்லாத்தையும் படிச்சேன். இருபது பேருக்கு மேல பார்த்திருக்கீங்க, எடுத்தவனோட மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு அலசோ அலசுன்னு அலசுறீங்க. அந்தப் பொண்ணு எங்க?

என் மகளுக்கு இதே வயசுல இதே மாதிரி நடந்துச்சு. அவ கையில இருந்த பொதுச் சாமான் தொலைஞ்சுது. எடுத்தது யாருன்னு தெரிஞ்ச பிறகும் மத்த பிள்ளைங்க இவளைத்தான் கேட்டாங்க. “ஒழுங்கா வெச்சிருந்தா போயிருக்குமா?” மூணு மாசம் பள்ளிக்கூடம்னு சொன்னாலே வயித்து வலி. எடுத்த பிள்ளைக்கு ஆலோசகர், பேச்சு, பரிவு எல்லாம் கிடைச்சுது. இவகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கலை.

சார், உங்க வகுப்புல அந்தப் பொண்ணுகிட்ட என்ன பேசினீங்க?

---

எட்டாவது_பி

மேடம், உங்க பதிவைப் பார்த்துட்டு நாலு மணி நேரம் பதில் எழுதலை.

“கவலைப்படாதே, உன் மேல தப்பில்லை”ன்னு சொன்னேன். ஒரே ஒரு தடவை, வராண்டாவுல, நடந்துக்கிட்டே. அவ ரெண்டு நாள் பள்ளிக்கு வரலை. காய்ச்சல்னு சீட்டு வந்துச்சு, நானும் நம்பிட்டேன். இன்னிக்கு அவ தோழியைக் கேட்டேன். நீங்க சொன்ன அதே வாக்கியம். “ஒழுங்கா ஜிப்பை மூடியிருந்தா...” மொத்த வகுப்பும் சொல்லியிருக்கு.

அந்த ‘ஆனா’ அவன் ஒருத்தனோடது இல்லைன்னு இப்போதான் உறைக்குது. நாற்பது பேரும் சேர்ந்து சொன்னதைத்தான் அவன் எங்கிட்ட சொல்லியிருக்கான்.

---

சுவரொட்டி

நான் மேல எழுதினதும் அதே பாட்டுதான், நினைச்சுப் பார்த்தா. ‘எல்லாரும்தானே செய்றாங்க.’ மன்னிச்சுக்கங்க மேடம்.

---

கதவோரம்

படிச்சுட்டுப் போயிடுற ஆள் நான், எழுதறது இதுதான் முதல் தடவை.

எனக்கு அப்போ 13 வயசு. நாங்க நாலு பேர். பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்துக்குள்ள அவங்க மூணு பேரும் போய் ஜன்னல் கண்ணாடி எல்லாத்தையும் உடைச்சாங்க. நான் கதவோரம் நின்னு யாராவது வர்றாங்களான்னு பார்த்தேன். (பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு புரிஞ்சிருக்கும்.) தனியா இருந்திருந்தா அந்தக் கட்டடத்துப் பக்கமே போயிருக்க மாட்டேன், சத்தியமா. அந்த இருபது நிமிஷத்துல ‘சரியா, தப்பா’ங்கிற பேச்சே தலைக்குள்ள வரலை. ஒவ்வொரு கண்ணாடி உடையறப்பவும் உள்ளேருந்து சிரிப்புச் சத்தம். நானும் சிரிச்சேன். ராத்திரி படுத்தப்புறம்தான் அந்தப் பேச்சு வந்துச்சு. வரும்போதே பதிலோட வந்துச்சு: ‘நான் உள்ளேயே போகலையே.’

படின்னும் கருவின்னும் நீங்க பேசுறதுல இது எங்க பொருந்தும்னு எனக்குத் தெரியாது. என் அனுபவத்துல நியாயம்கிறது மறுநாள் வர்ற ஆள்.

மறுநாள் அந்த வழியா போனேன். காவலாளி, வயசானவர், கண்ணாடித் துண்டைக் கூட்டி வாளியில அள்ளிக்கிட்டு இருந்தார். கட்டை விரல்ல துணி சுத்தியிருந்துச்சு. துணி நனைஞ்சிருந்துச்சு. என்னைப் பார்த்து, “தம்பி, செருப்புப் போட்டிருக்கியா? இந்தப் பக்கம் வராதே, குத்திடும்”னார்.

‘நான் உள்ளேயே போகலையே’ அதுக்கு அப்புறம் வேலை செய்யலை. ஆனா நான் போய் உண்மையைச் சொன்னேனான்னா, இல்லை. இன்னிக்கு வரைக்கும் இல்லை. 16, 17 வயசுல அந்தக் கூட்டமே தானாக் கலைஞ்சு போச்சு.

---

ஆய்வுமேசை

கதவோரம், எழுதினதுக்கு நன்றி. நீங்க சொன்னதுல மூணு விஷயம் ஆய்வுல அப்படியே இருக்கு.

கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க், 2005. 13 முதல் 16 வயசு, 18 முதல் 22, 24-க்கு மேல்னு மூணு குழு. கணினியில கார் ஓட்டுற விளையாட்டு. மஞ்சள் விளக்கு வந்தபிறகும் ஓட்டினா புள்ளி ஏறும், இடிச்சா போச்சு. பாதிப் பேர் தனியா, பாதிப் பேர் கூட்டாளிங்க பக்கத்துல. பெரியவங்களுக்குக் கூட்டாளி இருந்தாலும் இல்லைன்னாலும் பெரிய மாற்றம் இல்லை. சின்னவங்க கூட்டாளி பார்க்கிறப்போ ரொம்பவே துணிஞ்சாங்க. உங்களைக் கதவோரம் நிக்க வெச்சது உங்க நியாய அறிவுல இருந்த ஓட்டை இல்லை, உள்ளேருந்து வந்த சிரிப்புச் சத்தம்.

‘தானாக் கலைஞ்சு போச்சு’: உளவியலாளர் மோஃபிட் 1993-ல எழுதினது. வளரிளம் பருவத்துல மட்டும் தப்புப் பண்ணிட்டு நின்னுடுறவங்க பெரும்பான்மை. சின்ன வயசுலயே ஆரம்பிச்சு வாழ்க்கை முழுக்கத் தொடர்றவங்க சின்னக் கூட்டம். நியூசிலாந்தின் டனீடின்ல 1972-73-ல பிறந்த 1,037 பேரைக் குழந்தையிலிருந்து தொடர்ந்து பார்த்துட்டு வர்ற ஆய்வுக் குழுவுல மோஃபிட்டும் ஒருத்தங்க. 13 வயசுல ரெண்டு கூட்டமும் ஒரே தப்பைத்தான் பண்ணும். அந்தத் தப்பை மட்டும் பார்த்து இவன் எந்தக் கூட்டம்னு சொல்ல முடியாது. அதனாலதான் எட்டாம் வகுப்புல ஒருத்தனுக்குத் ‘திருடன்’னு முத்திரை குத்துறது ஆபத்து.

காவலாளி விரல்: ஹாஃப்மன்னு ஒரு உளவியலாளர். பெற்றோர் கண்டிக்கிறதை மூணாப் பிரிச்சார். அதிகாரம் காட்டுறது, பாசத்தை நிறுத்தறது, ‘உன்னால அவனுக்கு என்ன ஆச்சு பார்’னு காட்டுறது. மூணாவதுதான் உள்ளே இறங்குதுன்னார். உங்களுக்கு அதை யாரும் காட்டலை, தற்செயலா நடந்துச்சு.

---

பழையபிரம்பு

கதவோரம் தம்பியின் பதிவு மனத்தைத் தொட்டது. ஆனாலும் (நானும் ‘ஆனா’ போடுகிறேன், பாருங்கள்) தற்செயலுக்குக் காத்திருக்க முடியுமா? நான் பணியில் இருந்தபோது ஒரு யோசனை வைத்திருந்தேன், நிறைவேறவில்லை. இத்தகைய பையன்கள் பத்துப் பேரைச் சேர்த்துச் சிறைக்கு அழைத்துப்போய்க் கைதிகள் வாயாலேயே சொல்ல வைப்பது. பார்த்தால் திருந்திவிடுவார்கள் அல்லவா?

---

மாலைஷிப்ட்

ஐயா, நிறைவேறாதது நல்லதாப் போச்சு.

1970-கள்ல நியூஜெர்சியில ராவே சிறையில ஆயுள் கைதிகளை வெச்சு இதைத்தான் பண்ணினாங்க. கத்தி, மிரட்டி, சிறைன்னா என்னன்னு காட்டி அனுப்பினாங்க. பார்த்தவங்க எல்லாம் ஆஹான்னாங்க. பின்னாடி இந்த மாதிரித் திட்டங்களைச் சோதிச்ச ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா, போகாத பிள்ளைங்களைவிடப் போன பிள்ளைங்க அதிகமாத் தப்புப் பண்ணியிருந்தாங்க. பெட்ரோசினோ குழுவோட தொகுப்பாய்வு.

அதைவிட எனக்கு வலிக்கிற ஒண்ணு இருக்கு. ஏன்னா அது மிரட்டல் இல்லை, அன்பு. மாசசூசெட்ஸ்ல கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு. 506 பையன்கள், பாதிப் பேருக்கு 1939-லிருந்து 1945 வரை ஆலோசகர், டியூஷன், மருத்துவம், கோடை முகாம் எல்லாம். மீதிப் பேருக்கு ஒண்ணும் இல்லை. முப்பது வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்ட் தேடிப் போய்ப் பார்த்தாங்க. 1978-ல வெளிவந்துச்சு. உதவி வாங்கினவங்களே பல விதத்துல மோசமா இருந்தாங்க. ஆனா அந்த ஆட்களைக் கேட்டா ‘ரொம்ப நல்ல திட்டம், என்னை மாத்திடுச்சு’ன்னாங்க! காரணம் தேடினப்போ கோடை முகாம் பக்கம் சந்தேகம் போச்சு. ஒரு தடவைக்கு மேல முகாமுக்குப் போனவங்கதான் ரொம்பக் கெட்டிருந்தாங்க.

பத்துத் தப்புப் பண்ற பையன்களை ஒண்ணாச் சேர்த்தா, அந்தக் கூட்டத்துல எதுக்குச் சிரிப்பு வருதோ அதுதான் பாடம். எங்க இல்லத்துல ஞாயிற்றுக்கிழமைக் குழுக் கூட்டத்துல நானே பார்த்தேன். ஒருத்தன் தன் கதையைச் சொல்லி அழ ஆரம்பிச்சா அறை அமைதியா இருக்கும். அதே ஆள் போலீஸை ஏமாத்தின இடத்தைச் சொன்னா கண்ணெல்லாம் மின்னும். அடுத்தவன் அதைத்தான் கத்துக்கிட்டுப் போவான்.

---

பழையபிரம்பு

ஒப்புக்கொள்கிறேன். இது எனக்குத் தெரியாது.

---

சந்தேகப்பிராணி

அப்போ அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, கட்டுரை வேலைக்காகாது, குழுவாச் சேர்த்தா ஆபத்து. எட்டாவது_பி சார் நாளைக்குக் காலையில வகுப்புக்குப் போய் என்னதான் பண்ணணும்? அதைச் சொல்லுங்கப்பா.

---

ஆய்வுமேசை

எல்லாக் குழுவும் இல்லை. தப்புப் பண்றவங்களை மட்டும் சேர்க்கிறதுதான் சிக்கல். கலவையான வகுப்புல நிஜமான சிக்கலை வெச்சு விவாதிக்கலாம்.

கோல்பெர்க்கே தன் கற்பனைக் கதைங்க போதாதுன்னு உணர்ந்து 1974-ல அமெரிக்காவோட கேம்பிரிட்ஜ்ல ஒரு பள்ளிக்குள்ள சின்னதா ‘நியாயக் குடியரசு’ மாதிரி ஒண்ணை ஆரம்பிச்சார். க்ளஸ்டர் ஸ்கூல்னு பேர். மாணவனுக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அங்க ஒரு பொண்ணோட பையிலிருந்து 9 டாலர் போச்சு. எடுத்தவங்க ஒத்துக்கலை. கூட்டத்துல ஒரு குழு சொல்லுச்சு: இது அவளுக்கு நடந்தது இல்லை, நமக்கு நடந்தது. ஆளுக்கு 15 சென்ட் போட்டுத் திருப்பிக் கொடுப்போம். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஏத்துக்கிட்டாங்க. நான் கோல்பெர்க்கை முழுசா நம்புறவ இல்லை. அவர் பார்த்தது எல்லாம் பையன்கள், அக்கறைங்கிற குரலையே கேட்கலைன்னு உளவியலாளர் கில்லிகன் 1982-ல சொன்னது இன்னும் நிக்குது. ஆனா இந்த 15 சென்ட் எனக்குப் பிடிக்கும்.

---

மாலைஷிப்ட்

என் பங்குக்கு: அந்தப் பையன்கிட்ட ‘ஏன்’னு கேட்காதீங்க, பிரம்பு ஐயா அதுல சரிதான். அதுக்காக ‘செய்தியா, இல்லையா’வும் வேண்டாம். அந்தப் பொண்ணு இடத்துல இருந்து அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதச் சொல்லுங்க. கட்டுரை வேண்டாம், நிமிஷத்துக்கு நிமிஷம். தனியா. வகுப்பு முன்னாடி வேண்டவே வேண்டாம்.

---

நிலாமுற்றம்

அவனை அந்தப் பொண்ணுகிட்ட உடனே மன்னிப்புக் கேட்கச் சொல்லி எதிர்ல நிறுத்திடாதீங்க. என் மகளுக்கு அதுதான் ரொம்பக் கொடுமையா இருந்துச்சு. ‘பரவாயில்லை’ன்னு சொல்லியே ஆகணும்கிற கட்டாயம் இவளுக்கு. முதல்ல அவளுக்கு வேணுமான்னு கேளுங்க.

---

எட்டாவது_பி

பதினெட்டு நாள் கழிச்சு வர்றேன்.

வகுப்புல ஆளுக்குக் கொஞ்சம் போடலாமான்னு கேட்டேன். முதல் பதில்: “நான் எடுக்கலையே சார், நான் ஏன் தரணும்?” ரெண்டாவது: “அப்போ எடுத்தவனுக்கு லாபம்தானே?” அமெரிக்காவுல நடந்தது இங்க நடக்கலை. ஆனா கடைசி பெஞ்ச்ல ஒரு பொண்ணு, வாயே திறக்காதவ, “ஜிப்பைப் பத்திப் பேசினதை எல்லாரும் முதல்ல நிறுத்தலாம்ல?”ன்னா. யாரும் ஒண்ணும் சொல்லலை. அதுக்கு அப்புறம் அந்தப் பேச்சு குறைஞ்சிருக்கு, நின்னுடலை.

பையனோட அப்பா பாக்கிப் பணத்தைக் கொடுத்துட்டார். பையன் லீவு நாள்ல அவரோட வேலைக்குப் போய் அடைக்கிறான்.

எழுதச் சொன்னேன். “எவ்வளவு சார் எழுதணும்?”ன்னு கேட்டான், கட்டுரைப் பழக்கம். எவ்வளவு வேணா எழுதுன்னேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நாலே வரி. மூணாவது வரி இது: ‘அவள் பையை மூன்று முறை கவிழ்த்துப் பார்த்தாள், மூன்றாவது முறை பென்சில் மட்டும் விழுந்தது.’

இவன் அன்னிக்கு ரெண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்திருக்கான்.

தாளைக் கொடுத்துட்டு, “தப்புதான் சார்”னான். கொஞ்ச நேரம் நின்னான். “ஆனா திருப்பி வெச்சுடலாம்னுதான் இருந்தேன்.”

---

சந்தேகப்பிராணி

நிஜமாவும் இருக்கலாம்.

---

மாலைஷிப்ட்

எப்போ வைக்கலாம்னு இருந்தானாம்? கேட்டீங்களா?

---

எட்டாவது_பி

கேட்டேன். சுற்றுலாவுக்கு முந்தின நாள்னான். பாதிதானே கையில இருந்துச்சு, மீதிக்கு என்ன பண்ணியிருப்பேன்னு கேட்டேன். அதுக்குப் பதில் இல்லை. தாளைத் திரும்பக் கேட்டான், கொடுத்தேன். மூணாவது வரிக்குக் கீழ எதையோ சேர்த்தான், அடிச்சான். மறுபடி வாங்கிப் பார்த்தப்போ அடிச்சதைப் படிக்க முடியலை.

---

நிலாமுற்றம்

அந்தப் பொண்ணு?

---

எட்டாவது_பி

வர்றா மேடம். உட்கார வெச்சு முழுசாப் பேசினேன், நடந்துக்கிட்டே இல்லை. மன்னிப்புக் கேட்க வரலாமான்னு கேட்டதுக்கு “இப்போ வேண்டாம்”னா, விட்டுட்டேன். கணக்கு நோட்டை அவகிட்டயே கொடுத்தேன். வாங்கிக்கிட்டா. காசை மட்டும் நீங்களே வெச்சுக்கங்க சார்னா.